குமுதாவின் தொண்ணூற்றெட்டு

காலை ஐந்தரைக்கே குமுதா குளித்துவிடுவாள். சாமி மேடையில் விளக்கை ஏற்றி, திருநீறு பூசி, கண்ணை மூடி இரண்டு நிமிடம் நிற்பாள். பிறகு ஆள்காட்டி விரலை ஒரு சின்னக் கருவிக்குள் நுழைப்பாள். துணி காயப்போடும் கிளிப்பைவிடச் சற்றுப் பெரியது. திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் கருவி. கொரோனா ஆண்டில் கிள்ளான் நகர் முழுக்க வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தார்களே, அதேதான். விரலைக் கவ்விக்கொண்டு, சிவப்பு வெளிச்சம் காட்டி, கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணைச் சொல்லும். தொண்ணூற்றெட்டு.

அதைக் கணவன் சுகுமாறனிடம் நீட்டுவாள். அவன் பசியாறிக்கொண்டே எட்டிப் பார்த்து, "சரி, போ" என்பான். அவள் பள்ளி வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். தாமான் செந்தோசா குடியிருப்பில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விதமான பூசை நடக்கிறது. இந்தப் பூசை இவர்கள் வீட்டில் மட்டும்தான்.

இது எப்படி வந்தது என்றால், அதற்கு முதலில் அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமுதா கப்பார் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது கூட இருந்தவர்கள் வேறு தொழிற்சாலை தேடிப் போனார்கள். இவள் பள்ளி வேன் ஓட்டப் போகிறேன் என்றாள். சுகுமாறன் சிரித்தான். அவன் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். நாற்பதடி நீளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு வேன் விளையாட்டுச் சாமானாகத்தானே தெரியும். ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்கான பி.எஸ்.வி. லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை அவள் தோற்றாள். அப்போதும் சிரித்தான். இரண்டாம் தடவை தேறினாள். மஞ்சள் வேன் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் தாங்குனா பெருசு" என்றான். வேனைச் சொன்னானா, அவளைச் சொன்னானா என்று அவள் கேட்கவில்லை. ஐந்து வருடம் தாங்கிவிட்டது.

பதினொரு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எத்தனை நிமிடம் நிற்கலாம், எந்தப் பிள்ளையைச் சன்னல் ஓரம் உட்கார வைத்தால் வாந்தி எடுக்காது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவள் ஆயுளில் தானே தேடி, தானே பிடித்து, தானே நடத்திய ஒரே காரியம் அது. வேன் போனால் அவள் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியாது. அதனால்தான் உடம்பு சரியில்லை என்பதை அவள் மறைத்தாள்.

உடம்பு சரியில்லாமல் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு துணி பிழிந்தால் வாங்கியது. அப்புறம் தலை சீவினாலே கை கனத்தது. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை மணி நேரம். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த நாத்தனார் இராஜம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உக்காந்தே வேல பாத்தா ஒடம்பு அப்படித்தான் சோம்பேறியாப் போவும். நல்லா சாப்புடு, தெம்பு வரும்" என்றாள். குமுதாவும் கேட்டுக்கொண்டாள். ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள், இராத்திரி சத்துமாவு கரைத்துக் குடித்தாள். எடை ஏறியது. தெம்பு வரவில்லை.

எப்படி வரும்? சோறு என்பது விறகு மாதிரி. அடுப்பு நிறைய விறகைத் திணித்துவிட்டுக் காற்று வரும் வழியை அடைத்தால் புகைதான் வரும். நம் உடம்பில் கோடி கோடியாகக் கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் எரிகின்றன. மூச்சில் இழுக்கிற ஆக்சிஜன் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் சாப்பாடு முழுக்க எரிந்து சக்தியாகும். போய்ச் சேராவிட்டால் அரைகுறையாக எரியும். கிடைக்கிற சக்தியும் பிச்சைக்காசுதான், போதாததற்குக் காலில் கடுப்பும் கூடும். இதெல்லாம் இராஜம்மாவுக்குத் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. தெரிந்த மாதிரி பேசியதுதான் தப்பு.

ஒருநாள் இரயில் நிலையத்து மேம்பாலத்தில் குமுதா நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முன்னால் போன சுகுமாறன் திரும்பி வந்தான்.

"என்ன?"

"ஒன்னும் இல்ல. போங்க, வரேன்."

"ஒரு பாலம் ஏற முடியல. நீ எப்படி பதினோரு புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற? வேன வித்துரு."

வீட்டுக்கு வந்ததும் சண்டை. விற்கமாட்டேன் என்று அவள், விற்றுத்தான் ஆகவேண்டும் என்று அவன். கடைசியில் அவன்தான் அந்தக் கருவியை எடுத்தான். கொரோனா ஆண்டில் இருவரும் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தபோது, தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று கிளினிக்கிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அது அவன் மனத்தில் ஆணியாக இறங்கியிருந்தது. "மூச்சுப் பிரச்சனன்னா இதுல தெரிஞ்சிரும். தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்துச்சின்னா சாவிய குடுத்துரு. பேச்சு மாறக் கூடாது" என்றான். விரலை விட்டாள். தொண்ணூற்றெட்டு. அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அன்று தொடங்கியதுதான் காலைப் பூசை. ஏழு மாதம் ஒருநாள் தவறாமல் நடந்தது. கருவி அவளைக் கைவிடவே இல்லை. ஆனால் அதில் ஒரு கெடுதலும் இருந்தது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் உடம்பில் ஒன்றும் இல்லை, அப்படியென்றால் நான் நிஜமாகவே சோம்பேறிதான் என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். சட்டியைக் கழுவாமல் படுத்துவிட்ட நாளெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அடுத்தவர் திட்டினால் திருப்பிச் சொல்லலாம். தானே திட்டிக்கொள்ளும்போது யாரிடம் போய்ச் சொல்வது? நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சின்னத் திரையில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இன்னோர் எண்ணும் தினமும் வந்துகொண்டிருந்தது. நூற்றுப் பத்து, நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினெட்டு. அது இதயத் துடிப்பு. அதை இருவரும் ஒருநாளும் படிக்கவில்லை. அவர்கள் பேரம் மேலே இருந்த எண்ணோடு மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் பத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஜனகா வரவில்லை. நான்காம் ஆண்டுப் பிள்ளை, வகுப்பு மூன்றாம் மாடியில். கால் சுளுக்கிக்கொண்டாளாம், ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள வர முடியுமா என்று ஆசிரியை மேலிருந்து கூப்பிட்டார். பத்துப் பேரையும் வாசல் காவலரிடம் விட்டுவிட்டுக் குமுதா ஏறினாள். முதல் மாடி தாண்டினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. காதுக்குள் இதயம் அடித்தது. கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. சுவரைப் பிடித்துச் சரிந்து படியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து எவ்வளவு இழுத்தும் போதவில்லை. நெஞ்சு நிறையக் காற்று இருந்தது, உடம்புக்குத்தான் அது கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டியபடி ஜனகாவே இறங்கி வந்தாள். குமுதாவைப் பார்த்து நின்றாள். "ஆன்டி, உங்களுக்கும் கால் சுளுக்கிருச்சா?"

"ஆமா கண்ணு" என்றாள் குமுதா.

எப்படியோ இறங்கினாள். பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். அவள் சாவியைப் போட்டாள். திருப்பவில்லை. கண்ணாடியில் பதினொரு தலைகள் தெரிந்தன. ஒன்று தூங்கிவிட்டது, இரண்டு சண்டை போட்டன. மாடிப்படியில் வந்த கறுப்புப் புள்ளிகள் கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்திருந்தால்? காலையில் கருவி தொண்ணூற்றெட்டு காட்டியிருந்தது. பேசிய பேச்சுப்படி அவள் ஓட்டலாம். யாரும் கேட்க முடியாது. அவள் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு பரமேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

பரமேஸ்வரன் அதே பள்ளிக்கு இரண்டு வேன் ஓட்டுகிறவர். "முடியலன்னா சொல்லுமா, புள்ளைங்கள நான் ஏத்திக்கிறேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அதை அவர் உதவியாகச் சொன்னாரா, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்து சொன்னாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். குமுதா அவர் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பாள்.

"அண்ணே, என்னால ஓட்ட முடியல. வந்து புள்ளைங்கள ஏத்திக்குங்க."

"இன்னிக்கி மட்டுமாமா?"

"தெரியலண்ணே. நான் சொல்ற வரைக்கும்."

அவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். காலியான வேனில் உட்கார்ந்து குமுதா அழுதாள். பதினொரு இருக்கைக்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் அரசாங்கக் கிளினிக். சுகுமாறனும் லீவு போட்டுவிட்டு வந்தான். அங்கேயும் தாதி அவள் விரலில் அதே மாதிரிக் கருவியை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. சுகுமாறன் டாக்டரிடம், "எங்க வீட்லயும் இதேதான் டாக்டர். ஆக்சிஜன் நல்லா இருக்கு. மனசுதான் சரியில்லன்னு நெனைக்கிறேன்" என்றான். டாக்டர் சிவமலர் சின்ன வயதுக்காரர். அவர் மனத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குமுதாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்கவேண்டிய இடம் காகிதமாக வெளுத்திருந்தது.

"ஐஸ் கடிக்கணும் போல இருக்குமா?"

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோசியக்காரன்கூட இப்படிச் சொல்லமாட்டான். ஒரு வருடமாக அவள் தே ஓ ஐஸ் என்கிற ஐஸ் போட்ட கடுந்தேநீர்ப் பொட்டலம் வாங்குவதே கடைசியில் இருக்கும் ஐஸுக்காகத்தான். "ஆமா டாக்டர். எப்படித் தெரியும்?"

"இரும்புச் சத்து கொறஞ்சா சில பேருக்கு அப்படி ஆசை வரும். உக்காந்துதான இருக்கீங்க, துடிப்பு ஏன் நூத்திப் பதினாறு போகுது?"

இரத்தம் எடுத்தார்கள். இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கிற பொருள் பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்கவேண்டுமாம். இவளுக்கு ஐந்து புள்ளி ஆறு. சுகுமாறன் நம்பவில்லை. "அப்போ தொண்ணூத்தெட்டு?"

"அது பொய் இல்ல அங்கிள். இருக்கிற சிவப்பணு எல்லாம் ஆக்சிஜன நெறைய ஏத்தியிருக்கு. அதத்தான் மெஷின் சொல்லுது. மொத்தம் எவ்வளவு இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

சுகுமாறன் மெதுவாகச் சொன்னான். "அப்போ ஓடுற லோரி எல்லாம் ஃபுல் லோடு."

"ஆமா."

"ஆனா லோரியே இல்ல."

"பாதிக்கு மேல இல்ல."

"சாமான் போர்ட்ல குவிஞ்சி கெடக்கு. உள்ள போயி சேரல. இருக்கிற லோரிய வச்சி ட்ரிப் மேல ட்ரிப் அடிக்குது. அதான் நெஞ்சு இப்படி அடிக்குது." அவன் குரல் மாறிவிட்டது. ஓய்வில்லாமல் ட்ரிப் அடிக்கிறவன் கடைசியில் என்ன ஆவான் என்பது அவனுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. "அந்த மாதிரி ரொம்ப நாள் ஓட்ட முடியாது டாக்டர்."

"முடியாது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இதயம் பலவீனமாயிருக்கும். அதான் இன்னிக்கே வார்டுக்கு எழுதுறேன்" என்றார் டாக்டர். பிறகு குமுதாவிடம் திரும்பி, மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு படுகிறது என்று கேட்டார். குமுதா கணவனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். எட்டு நாள், சில மாதம் பத்து நாள், மூன்று வருடமாக. வேன் இருக்கையில் கறுப்புத் துண்டு விரித்துத்தான் உட்காருவாளாம். பழைய தொழிற்சாலைத் தோழிகள் எல்லாரும் இந்த வயசில் அப்படித்தான் என்று சொன்னார்களாம். ஒரே கூரைக்குக் கீழே இருந்த சுகுமாறன் இதையெல்லாம் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டான்.

வெளியே வந்ததும், "ஏன் சொல்லல?" என்றான்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

பெரிய மருத்துவமனையில் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, கெட்ட கட்டி இல்லை, மருந்தில் கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது பை பாதி இறங்கும்போது குமுதா தானே பேச்சை எடுத்தாள். "நீங்க சொன்னதுதான் சரிங்க. வேன வித்துருங்க."

சுகுமாறன் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேச்சு என்ன? தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா விக்கணும். ஒரு நாளாவது போச்சா?"

"அது..."

"போவல. பேச்சு மாறக் கூடாது."

இப்படி ஒரு மனிதன் தன் தோல்வியை ஒத்துக்கொள்வது கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் சுகுமாறனுக்கு நேர்வழி வராது. குமுதாவுக்குத் தெரியும்; அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அளவு பதினொன்றைத் தொட்டால் ஓட்டலாம், அதற்கு ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர். வாரத்துக்கு இரண்டு தடவை சுகுமாறன் பாசாரில் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் வாங்கிவந்து தானே சமைத்தான். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் மறக்கும். இரும்பு மாத்திரையும் தவறாமல் கொடுத்தான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்பதைக்கூடத் தொடவில்லை. டாக்டருக்குப் புரியவில்லை. "மாத்திரைய எதோட போடுறீங்க?"

"இவரே தே தாரிக் கலக்கிக் குடுப்பாரு டாக்டர். அதோடதான்" என்றாள் குமுதா கொஞ்சம் பெருமையாக.

டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை கரைத்த தண்ணீரோடு போடவேண்டும், தேநீரெல்லாம் இரண்டு மணி நேரம் கழித்து. நம் ஆட்களுக்கு அன்பைக் காட்டவும் தே தாரிக்தான், வருத்தத்தைக் காட்டவும் தே தாரிக்தான். சுகுமாறன் ஆறு வாரமாக ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆறு வாரம் பன்னிரண்டு வாரமானது. அதற்குள் பெற்றோர்களுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று வீட்டார் இனி பரமேஸ்வரன் வேனிலேயே அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு போனுக்கும் குமுதா "பரவால்லங்க" என்றாள். மிச்சம் எட்டுப் பேர் எப்போது போவார்களோ என்று தினமும் பயந்தாள்.

பன்னிரண்டாம் வாரம் பதினொன்று புள்ளி நான்கு வந்தது. அன்று சாயங்காலமே பரமேஸ்வரனுக்குப் போன் போட்டாள். இனி எனக்கே இருக்கட்டும் என்று சொல்வாரோ என்றுதான் நினைத்தாள். அவர், "எப்பம்மா வருவ? உன் எட்டுப் பேரும் என் காத செவிடாக்கிட்டாங்க. நாளைக்கே ஏத்திக்கோ" என்றார். அவரைப் பற்றி அதுவரை நினைத்ததில் பாதியைக் குமுதா வாபஸ் வாங்கிக்கொண்டாள். பாதியைத்தான்.

மறுநாள் காலை எட்டு வீட்டு வாசலிலும் எட்டுப் பேரும் நின்றார்கள். ஏறினார்கள். சாலைக்கு வருவதற்குள் பின்னால் அமளி. ஒருவன் தண்ணீர் பாட்டிலால் முன்னால் இருந்தவன் தலையில் தட்டினான். தட்டு வாங்கியவன் எழுந்து இருக்கை மேல் ஏறினான். குமுதா வேனை ஓரம் கட்டினாள். திரும்பினாள்.

"யார் அது எழுந்து நிக்கிறது? உக்காரு! பெல்ட்டப் போடு! பாட்டில இங்க குடு. இன்னொரு தடவ கை நீண்டுச்சி, ஸ்கூல் வரைக்கும் என் பக்கத்துலதான் உக்காரணும். வெளங்குதா?"

ஒரே மூச்சில் சொன்னாள். வேனே அதிர்ந்தது. எட்டுப் பேரும் வாயை மூடினார்கள். அவர்கள் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. முன் வரிசையில் இருந்த ஜனகா மெல்லக் கேட்டாள்.

"ஆன்டி, நீங்க ஏசவே மாட்டீங்களே. உங்கள மாதிரி பொறுமையான ஆன்டி கெடைக்காதுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்வாங்க. ஏன் இப்போ ஏசுறீங்க?"

பெற்றோர் நாளில் ஆசிரியைகள் புகழ்ந்தது, கோயிலில் பார்த்த அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னது, எல்லாம் குமுதாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. மூன்று வருடம். வீட்டில் சோம்பேறி, வேனில் பொறுமைசாலி. இரண்டு பட்டமும் அந்த ஐந்து புள்ளி ஆறுக்குக் கிடைத்தவை. இவளுக்கு இல்லை.

"அது பொறுமை இல்ல கண்ணு" என்றாள். "ஏசுறதுக்கு அப்போ ஆன்டிகிட்ட மூச்சு இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடம் தன்னைத் தானே திட்டித் தீர்த்த அந்தக் குமுதாவை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பின்னால் யாரோ மறுபடியும் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே, முன்னைவிட உரக்க ஏசினாள்.